காட்டுக்குப் போயிருந்தார்கள்

1

மிஷன் பயணக் கட்டுரைக்கென்று ஓர் அச்சு இருக்கிறது. நாலைந்து வாசித்துவிட்டால் அடுத்ததை நாமே எழுதிவிடலாம். விமான நிலையத்தில் ஒரே நிற டீ-சட்டையில் குழுப்படம். பிறகு நீண்ட சாலை, புழுதி, வண்டி ஒரு முறை சகதியில் மாட்டிக்கொள்வது. கிராமத்தை நெருங்கும்போது பிள்ளைகள் ஓடி வருவார்கள். பாட்டு, கைதட்டல், பென்சில் பெட்டி, இனிப்பு. அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு மகிழ்ச்சி என்று ஒரு வியப்பு. கொடுக்கப்போன நாங்கள்தான் நிறையப் பெற்றுத் திரும்பினோம் என்று கடைசிப் பத்தி.

என் அத்தை தன் திருச்சபையின் ஆண்டு மலரை வருடா வருடம் என்னிடம் கொடுப்பார். "படிச்சுப் பாரு தம்பி, உனக்குத்தான் படிக்கிற புத்தி இருக்கே" என்பார். அவர் கிண்டலாகச் சொல்கிறாரா, பாராட்டாகச் சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்மையில் வந்த மலரில் இரண்டு பயணக் கட்டுரைகள் இருந்தன. ஒன்று, கென்யாவுக்குப் போய் மாசாய் மக்களின் பள்ளிகளையும் கிராமங்களையும் பார்த்துவந்த குழுவைப் பற்றியது. இன்னொன்று, எங்கள் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையை ஒட்டி உள்ளே இருக்கும் ஒரு செமாய் கிராமத்துக்கு மாதம் ஒரு முறை வேனில் போய்வருவதைப் பற்றியது. ஒன்றுக்கு விமானத்தில் ஒரு கண்டத்தைத் தாண்ட வேண்டும். மற்றதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் இரண்டு கட்டுரைகளிலும் ஊர்ப் பெயர்களை மாற்றி வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே பிள்ளைகள், அதே சிரிப்பு, அதே கடைசிப் பத்தி.

இந்த அச்சு கிறிஸ்துவர்களின் தனிச்சொத்து இல்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். கோயில் இளைஞர் மன்றம் எழுதினாலும், பல்கலைக்கழகச் சமூகச் சேவைக் கழகம் எழுதினாலும், கம்பெனிகளின் நலப்பணிப் பிரிவு எழுதினாலும் இதே கட்டுரைதான் வருகிறது. ஜெபத்துக்குப் பதில் உறுதிமொழி இருக்கும், அவ்வளவுதான். இதைப் பகடி செய்வதும் பழைய வேலை. கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனா 2005-இல் 'கிராண்டா' இதழில், ஆப்பிரிக்காவைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு நாம் கிண்டலடிக்க மிச்சம் அதிகம் இல்லை.

எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. என் தொழிலில் ஒரு வேலையை முடித்து ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குறைப்பட்டியல் தருவார். இந்தக் குழாய் கசிகிறது, அந்தக் கதவு சாத்தவில்லை, இதை ஏற்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பட்டியல் எங்களுக்கு எரிச்சல்தான். ஆனால் வேலை உண்மையில் நடந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மிஷன் பயணக் கட்டுரைகளில் இந்தக் குறைப்பட்டியல் எங்கே இருக்கிறது? போன இடத்தில் யாராவது "வேண்டாம்" என்று சொன்னார்களா? சொன்னால் எழுதுகிறவர் காதில் விழுமா? விழுந்தாலும் கட்டுரைக்குள் வருமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மாசாய் நிலத்திலிருந்து வந்த இரண்டு நூல்களையும், எங்கள் பக்கத்துக் காட்டைப் பற்றிய சில நூல்களையும் வாசித்தேன்.

2

வின்சென்ட் டோனோவன் அமெரிக்கக் கத்தோலிக்கப் பாதிரியார். 1960களில் வடக்குத் தான்சானியாவில் லோலியோண்டோ என்ற இடத்தில் மாசாய் மக்களிடையே வேலை செய்தவர். அந்த அனுபவத்தை 'கிறிஸ்டியானிட்டி ரீடிஸ்கவர்ட்' என்ற பெயரில் 1978-இல் நூலாக்கினார். இறையியல் மாணவர்கள் இன்றும் வாசிக்கும் நூல் இது. இறையியலில் எனக்கு ஆர்வம் குறைவு. இதை ஒரு பயண நூலாக, மனிதர்களைச் சந்திக்கப்போன ஒருவரின் சாட்சியமாகத்தான் வாசித்தேன்.

நூல் ஒரு தோல்விக் கணக்கோடு தொடங்குகிறது. 1966 மே மாதம் டோனோவன் தன் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். மிஷனிடம் நல்ல பள்ளிகள் இருக்கின்றன. மருத்துவமனை இருக்கிறது. வண்டிகள் ஓடுகின்றன. மாசாய்கள் வருகிறார்கள், படிக்கிறார்கள், மருந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளியை விட்டு வெளியேறிய பிள்ளைகள் யாரும் மதத்தைப் பின்பற்றவில்லை. வயதுவந்த மாசாய் ஒருவர்கூடக் கிறிஸ்துவராக வாழவில்லை. இத்தனை ஆண்டுகளில் கடவுளைப் பற்றி அவர்களோடு நேராக உட்கார்ந்து பேசியதே இல்லை என்கிறார் டோனோவன். பள்ளியும் மருத்துவமனையும் பேசாமல் இருப்பதற்கான வசதியாகிவிட்டன என்பது அவர் கண்டுபிடிப்பு. எனவே கையில் எந்தப் பொருளும் இல்லாமல் கிராமங்களுக்குப் போய் வெறுமனே பேசப்போகிறேன், அனுமதி கொடுங்கள் என்று கேட்கிறார்.

நம் மலர்க் கட்டுரைகளை வாசித்த பழக்கத்தில் இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். பென்சில் பெட்டி இல்லாமல், அரிசி மூட்டை இல்லாமல் நம்மில் யாராவது ஒரு கிராமத்துக்குள் நுழைந்திருக்கிறோமா? கையில் பொருள் இருந்தால் பேச்சு ஒரு பக்கமாகத்தான் ஓடும். வாங்குகிறவர் அன்பானவராகவும் நன்றியுள்ளவராகவும் இருந்தே தீர வேண்டும். வெறுங்கையோடு போனால்தான் எதிரில் இருப்பவர், "நீ ஏன் வந்தாய்?" என்று கேட்க முடியும். டோனோவனை அவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். இதைச் சொல்லத்தான் வந்தாய் என்றால் இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்ற பொருளில் அந்தக் கேள்வி வருகிறது.

நூலில் மூன்று இடங்கள் முக்கியமானவை. முதலாவது, ஓராண்டுப் போதனைக்குப் பிறகு ஞானஸ்நானம் கொடுக்கும் நேரம். டோனோவன் தரம் பிரிக்கிறார். இவர் ஒழுங்காக வரவில்லை, அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னொருவர் சோம்பேறி என்று. ந்தங்கோயா என்ற கிழவர் குறுக்கே வருகிறார். சோம்பேறிக்குச் சுறுசுறுப்பானவர் துணை இருந்தார், புரியாதவருக்குப் புரிந்தவர் துணை இருந்தார், நாங்கள் கூட்டமாகத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம், எங்களை ஏன் பிரிக்கிறாய் என்பது அவர் வாதம். தேர்வு நடத்த வந்தவரின் மதிப்பெண் பட்டியலை மாணவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாதிரியாரும் ஏற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது, புல். மாசாய்களுக்குப் புல் புனிதமானது. மாடு மேயும் நிலம் அது. சமாதானத்தின் அடையாளமாக ஒரு கைப்பிடிப் புல்லை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். டோனோவன் வழிபாட்டுக்கு வரும் நாளில் அந்தப் புல் ஊர் முழுவதும் கைமாறிக் கைமாறிப் போகும். எங்காவது ஒருவர் வாங்க மறுத்து அது நின்றுவிட்டால் அன்று திருப்பலி கிடையாது. பாதிரியார் தூரத்திலிருந்து வந்திருக்கலாம். சடங்குக்கு எல்லாம் தயாராக இருக்கலாம். ஊருக்குள் சண்டை தீரவில்லை என்றால் பூசை இல்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் இருப்பவர் கையை நீட்டாமல் இருப்பதன் மூலம் முழு நிகழ்ச்சியையும் நிறுத்த முடிகிறது. அவ்வளவு அதிகாரம் உள்ள பார்வையாளரை நான் வேறு எந்த மிஷன் நூலிலும் சந்தித்ததில்லை.

மூன்றாவது, மறுப்பு. ஒரு கிராமம் மாதக்கணக்கில் கேட்டுவிட்டு, நீ சொல்வது புரிந்தது, எங்களுக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. டோனோவன் எழுந்து போகிறார். திரும்பி வந்து வற்புறுத்துவதில்லை. தான் கற்ற பாடங்களில் இது மிக முக்கியமானது என்று எழுதுகிறார். மறுக்க முடியாத செய்தி செய்தியே இல்லை என்ற முடிவுக்கு வருகிறார். நூலின் உச்சம் என்று பலரும் சொல்வது இன்னொரு பெரியவர் விசுவாசத்தைச் சிங்கத்தின் வேட்டையோடு ஒப்பிடும் பகுதியை. அது அழகான உவமைதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு உச்சம் இந்த மறுப்புதான். தோற்ற இடத்தை மறைக்காமல் எழுதியதால் வென்ற இடங்களையும் நம்ப முடிகிறது.

3

இனி இந்த நூலுக்கான குறைப்பட்டியல்.

டோனோவன் கேட்கும் குரல்கள் பெரும்பாலும் மூத்த ஆண்களுடையவை. பேசுகிறவர், வாதிடுகிறவர், மறுக்கிறவர் எல்லாரும் ஊர்ப் பெரியவர்கள். மானிடவியலாளர் டோரத்தி ஹாட்ஜ்சன் 'தி சர்ச் ஆஃப் விமன்' என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார், 2005-இல் வந்தது. தான்சானிய மாசாய்களும் டோனோவனின் சபையைச் சேர்ந்த பாதிரியார்களும் சந்தித்த வரலாறு அது. பாதிரியார்கள் ஆண்களைத் தேடித் தேடிப் போனார்கள், வந்து நிறைந்ததோ பெண்கள் என்று அவர் காட்டுகிறார். மாசாய் மரபில் கடவுளோடு நெருக்கம் பெண்களுக்கு ஏற்கெனவே இருந்தது என்பதும் அவர் வாதத்தின் பகுதி. இதை வாசித்துவிட்டு டோனோவனிடம் திரும்பினால், கூட்டத்தின் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் மேல்தான் கண் போகிறது. அவர்கள் ஒப்புக்கொண்டார்களா, மறுத்தார்களா? பெரியவர் அவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிட்டார்.

இன்னொரு குறை, நிலம். 1959-இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாக முழுமையடைந்தபோது அங்கிருந்த மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். லோலியோண்டோ அந்தப் பூங்காவுக்கு ஒட்டிய பகுதி. டோனோவன் மரத்தடியில் கடவுளைப் பற்றிப் பேச உட்கார்ந்தது அந்த வெளியேற்றம் நடந்து சில ஆண்டுகளுக்குள். ஆனால் நூலின் மையத்தில் அந்த இழப்பு இல்லை. பண்பாட்டை மதிக்கும் ஒருவருக்குக்கூட மேய்ச்சல் நிலம் பின்னணிக் காட்சியாகிவிடுகிறது. அதே லோலியோண்டோவில் 2022 ஜூனில் தான்சானிய அரசு 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வனவிலங்குக் காப்பகத்துக்காகக் கல் நட்டுப் பிரித்தபோது மாசாய்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது. பாதிரியாரிடம் சொன்ன "வேண்டாம்" நூலில் ஏறியது. அரசாங்கத்திடம் சொன்ன "வேண்டாம்" துப்பாக்கியைச் சந்தித்தது.

இதற்கு மறுபக்கத்தில் கென்ய மாசாய் நாவலாசிரியர் ஹென்றி ஓலே குலெட்டை வைத்து வாசிக்கலாம். அவருடைய 'பிளாசம்ஸ் ஆஃப் தி சவானா' 2008-இல் வந்தது, பிறகு கென்யப் பள்ளிகளில் பாடநூலாகவும் ஆனது. நகரத்தில் வேலை போன ஒரு தகப்பன் குடும்பத்தோடு சொந்த ஊரான நசிலாவுக்குத் திரும்புகிறார். தாயோ, ரெசியான் என்று இரண்டு பெண்கள். ரெசியானுக்குப் பல்கலைக்கழகம் போக ஆசை. ஊருக்கோ அவர்களுக்குப் பெண்ணுறுப்புச் சிதைப்புச் சடங்கு நடக்கவில்லையே என்ற கவலை. ஒலோய்சுதி என்ற பணக்காரன் ரெசியானைக் கேட்கிறான். தகப்பன் தொழிலில் அவனுக்குக் கடமைப்பட்டவர், அதனால் மறுக்க முடியவில்லை.

இந்த நாவலில் பள்ளிக்கூடம் யாரோ வந்து திறந்துவைத்த பரிசு இல்லை. அது ஒரு பெண்ணின் பிடிவாதம். அவளைக் காப்பாற்ற நிற்பதும் மினிக் என்ற மாசாய்ப் பெண்தான், மக்கரேரே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஆட்டுப்பண்ணை நடத்துகிறவள். டோனோவன் நூலில் பின்வரிசையில் இருந்த பெண்களின் "வேண்டாம்" இங்கே முன்வரிசைக்கு வருகிறது. அது வெளியாளிடம் சொல்லப்படவில்லை, தகப்பனிடமும் ஊரிடமும் சொல்லப்படுகிறது. நாவலாக இதில் குறைகள் உண்டு. கெட்டவர்கள் ரொம்பக் கெட்டவர்கள், நல்லவர்கள் மேடைப் பேச்சுப் பேசுகிறார்கள், முடிவு பாடநூலுக்கு ஏற்றபடி சுத்தமாக இருக்கிறது. இருந்தும், வாங்கிய உதவி எப்படி ஒரு மனிதனின் நாக்கைக் கட்டிப்போடுகிறது என்பதை அந்தத் தகப்பன் பாத்திரத்தில் குலெட் பிடித்துவிடுகிறார். பயணக் கட்டுரை எழுதுகிற ஒவ்வொருவரும் அந்தத் தகப்பனை ஒரு முறை சந்திக்க வேண்டும்.

4

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மாசாய்ப் பெரியவர் எழுந்து நின்று "வேண்டாம்" என்பார். செமாய்ப் பெரியவர் என்ன செய்வார்?

தாப்பாக்காரர்களுக்குச் செமாய்களைத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேமரன் சாலை ஓரத்துத் தட்டிக்கடைகளில் பெத்தாயும் டுரியானும் மூங்கில் குருத்தும் வாங்கியிருக்கிறோம். லாத்தா இஸ்கண்டார் அருவியில் குளித்துவிட்டு வரும்போது வண்டியை நிறுத்தி விலை பேசியிருக்கிறோம். அவர்கள் பேரம் பேசுவதில்லை, சிரிப்பார்கள். "நல்ல ஜனங்க, வாயே திறக்க மாட்டாங்க" என்று என் வீட்டிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ராபர்ட் டெண்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் செமாய்களோடு வாழ்ந்து, 'தி செமாய்' என்ற நூலை 1968-இல் எழுதினார். அதில் 'பூனான்' என்ற ஒரு கருத்தை விளக்குகிறார். ஒருவர் ஆசைப்பட்டதைக் கிடைக்கவிடாமல் செய்து அவர் மனத்தை வாட வைத்தால், அந்த வாட்டமே அவருக்கு விபத்தையோ நோயையோ கொண்டுவரும். அந்தக் கேட்டுக்குப் பொறுப்பு மறுத்தவரைச் சேரும். அதனால் முகத்துக்கு நேரே மறுப்பது என்பது செமாய்களிடம் வெறும் மரியாதைக் குறைவு இல்லை, எதிரில் இருப்பவரின் உடம்புக்கே ஆபத்து. இதன் மறுபக்கமும் உண்டு. யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. ஊர்த்தலைவர்கூட உத்தரவு போட முடியாது. தகராறு வந்தால் 'பிச்சாரா' கூடும். எல்லாரும் உட்கார்ந்து, சொல்ல யாருக்கும் எதுவும் மிச்சமில்லை என்ற நிலை வரும்வரை மணிக்கணக்காகப் பேசுவார்கள். மலாயின் 'பிச்சாரா'வும் நம் 'விசாரணை'யும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. நம் விசாரணையில் ஒருவர் கேட்பார், ஒருவர் நடுங்குவார். அவர்களுடையதில் களைத்துப்போகும்வரை எல்லாரும் பேசலாம்.

இன்னொரு விஷயமும் டெண்டன் சொல்கிறார். உணவைப் பகிரும்போது செமாய்கள் நன்றி சொல்வதில்லை. சொல்வது அநாகரிகம். நன்றி சொன்னால் கொடுத்ததை மனத்துக்குள் அளந்து பார்த்தாய் என்று அர்த்தம். இவர் இவ்வளவு கொடுப்பார் என்று நீ எதிர்பார்க்கவில்லை என்றும் அர்த்தம்.

இதைத் தெரிந்துகொண்டு மலரில் வந்த செமாய்க் கிராமக் கட்டுரைக்குத் திரும்பினேன். அதில் வரும் எல்லாச் "சரி"களும் கலங்கிப்போயின. கூட்டம் நடத்தலாமா என்று கேட்டதும் சம்மதித்தார்கள் என்கிறது கட்டுரை. பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கலாமா என்றதற்கும் சம்மதம். பூனானுக்கு அஞ்சுகிறவரிடம் நேருக்கு நேர் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? வந்தவர் மனம் வாடி, போகிற வழியில் வளைவில் வண்டி கவிழ்ந்தால் யார் பொறுப்பு? அவர்களுடைய "போலே" நம் நலனுக்காகச் சொல்லப்படுவது. நாம் அதைச் சம்மதக் கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியென்றால் அவர்கள் மறுப்பதே இல்லையா? மறுக்கிறார்கள். மலரிலேயே அது இருக்கிறது. அன்று பலர் காட்டுக்குப் போயிருந்ததால் கூட்டம் குறைவாக இருந்தது என்று ஒரு வரி. பழைய மலர்களை அத்தையிடம் வாங்கிப் புரட்டினேன். ஒரு வருடம் டுரியான் பருவம், எல்லாரும் தோப்பில். ஒரு வருடம் மீன் பிடிக்க ஆற்றுக்கு. இன்னொரு வருடம் பக்கத்துக் கிராமத்தில் உறவினர் வீட்டுக்கு. மாதத்தில் எந்த ஞாயிறு வேன் வரும் என்பது ஊருக்குத் தெரியும். எல்லா முறையும் இது மறுப்புதான் என்று நான் சாதிக்கவில்லை. டுரியான் யாருக்காகவும் காத்திருந்து விழாது, அது அவர்கள் வருமானம். ஆனால் சில முறையாவது அது பதிலாக இருந்திருக்கும். யார் மனமும் வாடாமல், யாருக்கும் ஆபத்து வராமல் "வேண்டாம்" என்று சொல்ல ஒரு செமாய்க்கு இருக்கும் வழி எழுந்து போய்விடுவதுதான். மாசாய் ஊரில் புல் நின்றுபோனால் பாதிரியார் புரிந்துகொண்டார். இங்கே ஊரே கூட்டத்துக்கு வராமல் போயிருக்கிறது, நாம் அதை வருகைப் பதிவுக் கோளாறாக எழுதியிருக்கிறோம்.

செமாய்களிடம் மிஷன் புதிதும் இல்லை. மெத்தடிஸ்ட் சபை 1930களிலேயே பேராக் செமாய்களிடம் வேலையைத் தொடங்கிவிட்டது, சுமத்ராவின் பாத்தாக் இனத்துப் போதகர்களைக் கொண்டு. அதில் ஈடுபட்ட பால் மீன்ஸ், நத்தாலி மீன்ஸ் தம்பதியின் உழைப்பில் செங்கோய்–ஆங்கில அகராதி ஒன்று 1986-இல் வெளிவந்தது. செங்கோய் என்பது செமாய்களைக் குறிக்க அந்த மிஷன் பயன்படுத்திய பெயர். ஒரு மொழியின் சொற்களைப் பல ஆண்டுகள் பொறுக்கி எடுத்தவர்களை மாதாந்தர வேனோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அகராதிக்காரர் சொல்லைக் கேட்டே ஆக வேண்டும், கேட்காமல் எழுத முடியாது. இன்று செமாய்களில் கிறிஸ்துவர் உண்டு, பஹாய் உண்டு, முஸ்லிம் உண்டு, தங்கள் பழைய நம்பிக்கையோடு இருப்பவர்களும் உண்டு. அவர்களை வெறும் பெறுநர்களாக நினைப்பது அவர்களுடைய தேர்வையும் சேர்த்தே மறுப்பதாகும். கிறிஸ்துவரான ஒரு செமாய் ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ந்தங்கோயாவைப் போல அவரும் தன் காரணங்களோடு அங்கே வந்து சேர்ந்தவராக இருக்கலாம். எனக்குக் குறை இதுதான்: அந்தக் காரணங்கள் எந்த மலரிலும் இல்லை.

5

இதில் தமிழர்களாகிய நம் இடம் விசித்திரமானது. நாமும் சந்திக்கப்போகப்பட்டவர்கள்தான்.

நான் படித்தது தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் பாதி வீடுகள் காலியாகிவிட்ட காலம். தீபாவளிக்கு முன்னும் பள்ளி திறக்கும் வாரத்திலும் வண்டிகள் வரும். சங்கம், கம்பெனி, கட்சி, பல்கலைக்கழக அண்ணன் அக்காமார். புத்தகப்பை, காலணி, பிஸ்கட் டின். முதல் நாள் மாலை எங்களுக்கு ஒத்திகை நடக்கும். எப்போது எழுந்து நிற்பது, எப்படி இழுத்து "நன்றி ஐயா" என்பது, பையைக் கேமராவுக்குத் தெரியும்படி எந்தக் கையில் பிடிப்பது. காலணி அளவு சரியில்லை என்று ஒரு பையன் திருப்பிக் கொடுத்தபோது ஆசிரியர் அவனை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது காலணி அவன் காலில் இருந்தது. சுருங்கிய விரல்களோடு அவன் நடந்தது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

செமாய்ப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்வது அநாகரிகம் என்று கற்றுக்கொடுத்தார்கள். எங்களுக்கு நன்றி சொல்வதைக் கூட்டுப்பாட்டாகக் கற்றுக்கொடுத்தார்கள். கொடுத்ததை அளந்து பார்த்தவர்கள் நாங்கள்தான், ஏனென்றால் அளந்து காட்டச் சொன்னார்கள். இப்போது அதே லயத்திலிருந்து வெளியேறி வேலை, வேன், திருச்சபை, சங்கம் என்று வசதி வந்த பிறகு, நாமே காலணிகளை எடுத்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போகிறோம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து "தெரிமா காசே" சொல்லச் சொல்கிறோம். நமக்கு நடந்ததை அப்படியே கைமாற்றிக் கொடுக்கிறோம். தானமாக அல்ல, ஒத்திகையாக.

எனக்குத் தெரிந்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளிலும் பூர்வக்குடிகள் எதிரே நின்று பேசுவது அரிது. காட்டோரத்தில் தோன்றி மறைகிறவர், மருந்து வேர் தெரிந்தவர், ஆபத்தில் வழிகாட்டுகிறவர் என்று வந்து போவார்கள். பழைய தலைமுறை 'சக்காய்' என்ற வசைச்சொல்லை வசை என்று தெரியாமலே எழுதியிருக்கிறது. நம் துயரத்தைப் பற்றி நாம் எழுதியது நிறைய. ஆனால் லயத்தின் முடிவில் வேலி, வேலிக்கு அப்பால் இன்னொருவர் நிலம் என்பதை நம் கதைகளின் வரைபடம் குறிப்பது குறைவு. மிஷன் மலரைக் குறை சொல்வதற்கு முன் இலக்கியக்காரர்களாகிய நாம் இதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

6

செமாய்கள் எழுதுவதில்லையா? எழுதுகிறார்கள். அகியா என்ற புனைபெயரில் எழுதும் மஹாட் சைனா பேராக்கைச் சேர்ந்த செமாய் எழுத்தாளர். மலாயில் 'துந்துட்' என்ற சிறுகதைத் தொகுப்பும் 'பெராங் சங்கில்' என்ற நாவலும் எழுதியிருக்கிறார். நாவல் 2007-இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை பிடிக்க மலையேறி வந்தவர்களுக்கும் செமாய்களுக்கும் நடந்த போர் அதன் களம். பேராக்கில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1880களில்தான். அதுவரை ஆயுதத்தோடு வந்து, பெரியவர்களைக் கொன்று, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டெண்டன் 2008-இல் எழுதிய 'ஓவர்வெல்மிங் டெரர்' என்ற நூலில் செமாய்களின் அமைதிக்குணத்தை இந்தப் பயத்தின் வரலாற்றோடு சேர்த்துத்தான் விளக்குகிறார்.

அகியாவை வாசித்த பிறகு, காட்டுக்குப் போயிருந்தார்கள் என்ற வரி இன்னொரு ஆழத்துக்கு இறங்குகிறது. கீழ்நாட்டிலிருந்து மேலே வரும் ஆட்களின் சத்தம் கேட்டால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் மறைவது இந்த மக்களை உயிரோடு வைத்திருந்த பழக்கம். நாமும் கீழிருந்து மேலே வருகிற ஆட்கள்தான். நம் கையில் இருப்பது பிஸ்கட் டின் என்பது நமக்குத் தெரியும். அவர்களுடைய நூற்றாண்டுகளுக்கு அது அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடாது.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அப்ப போகவே கூடாதுங்கிறியா?" என்றார். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் அந்த ஊரில் ஒரு மூதாட்டிக்குக் கண் அறுவைக்கு ஈப்போ மருத்துவமனையில் நாள் வாங்கிக் கொடுத்து, கூடவே இருந்து அழைத்து வந்தவர். மலரில் அது இல்லை. அது கட்டுரைக்கு ஏற்ற விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கிழவி நன்றி சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, அடுத்த முறை போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார் என்றார்.

போகலாம். மாசாய் நிலத்துக்கும் போகலாம், மலைக்கும் போகலாம். ஆனால் எழுதும்போது டோனோவனின் துணிச்சலில் கால்பங்காவது வேண்டும். யார் வரவில்லை, எந்தக் கதவு திறக்கவில்லை, எந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்பது கட்டுரையில் இருக்க வேண்டும். அதோடு, போவதற்கு முன் அவர்களுடைய எழுத்தை வாசித்துவிட்டுப் போகலாம். குலெட்டுக்கு ஆங்கிலம் வேண்டும். அகியாவுக்கு மலாய் போதும், நம் எல்லாருக்கும் எஸ்.பி.எம். வரை கற்றுக்கொடுத்த மொழிதான். எனக்குத் தெரிந்து 'பெராங் சங்கில்' தமிழில் வரவில்லை. தாப்பாவிலோ பீடோரிலோ கம்பாரிலோ இருந்து யாராவது அதை மொழிபெயர்த்தால் நன்றாக இருக்கும். முதல் அத்தியாயத்தின் வரைவை வைத்துக்கொண்டு நான் திணறிக்கொண்டிருக்கிறேன். மலாய் நன்றாகத் தெரிந்தவர்கள் கூட இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.